எலி எண் பூஜ்யம்

அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அவருக்கும் இருந்தது. வருகைப் பதிவேட்டில் அது அழகாக எழுதியிருக்கும். ஆனால் எங்கள் கட்டடத்தில் யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வாட்ச்மேனிலிருந்து மேனேஜர்வரை எல்லாருக்கும் அவர் 'வலிக்காது' அண்ணன்தான். எலியின் வாலில் ஊசியைச் செருகுவதற்கு முன்னால் ஒவ்வொரு எலியிடமும், "வலிக்காது, வலிக்காது, இதோ முடிஞ்சுது" என்று சொல்வார். ஒரு நாளைக்கு எண்பது எலி என்றால் எண்பது தடவை. எண்பதாவது எலிக்கும் முதல் எலிக்குச் சொன்ன அதே குரலில் சொல்வார்.

நான் கூண்டு கழுவுகிறவள். பூச்சி மருந்துக் கம்பெனியின் லேபில், எலிகள் இருக்கிற பகுதியில் பதினாலு வருஷமாக இதே வேலை. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவரைப் புகழ்ந்து தள்ளவும் நான் உட்காரவில்லை. எனக்கு வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன். எரிகிற வயிற்றுக்கு யார் காரணம் என்பதையும் கடைசிவரை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் இங்கே வருவதற்கு முன்னால் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தவர். 'வலிக்காது' அங்கிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. "ஏண்ணே, எலிகிட்டயுமா பொய் சொல்லணும்? வலிக்கத்தானே செய்யும்?" என்று ஒரு தடவை கிண்டல் செய்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன், அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"பொய் எங்கம்மா சொல்றேன்? என் கை வலிக்காமதான் போடும். நீ வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது. வாலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். நரம்பு தடித்து எழும். எலியைக் கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு, வாலை மட்டும் வெளியே இழுத்து, ஊசி போனதே தெரியாமல் சொட்டுச் சொட்டாகச் சின்னக் குப்பியில் இறக்குவார். எலி மூக்கை ஆட்டிக்கொண்டு அது பாட்டுக்கு நிற்கும். மற்ற ஆட்கள் எடுத்தால் அது போடுகிற கூச்சல் கழுவுகிற அறைவரை கேட்கும்.

எங்கள் வேலை என்ன என்பதை அவர்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மேடம் சொன்னால் எனக்கு மண்டையில் ஏறாது. மேடம் என்றால் லேபின் தலைமை விஞ்ஞானி. அண்ணன் சொன்னது இப்படி:

"உடம்பு ஒரு தசையை இறுக்கணும்னா ஒரு ஆளை உள்ள அனுப்புதுன்னு வச்சுக்கோ. வேலை முடிஞ்சதும் அந்த ஆளைப் பிடிச்சு வெளியே தள்றதுக்கு இன்னொரு ஆள் இருக்கான். நம்ம மருந்து என்ன பண்ணுதுன்னா, அந்தத் தள்ளுற ஆளோட கையைக் கட்டிப் போட்டுடுது. உள்ள வந்தவன் போகவே மாட்டேங்கறான். அதான் நடுக்கம், கண்ணீர், எச்சில், மூச்சுத் திணறல் எல்லாம். ரத்தத்துல கை கட்டாத ஆளுங்க இன்னும் எத்தனை பேர் மிச்சம்னு மெஷின் எண்ணிச் சொல்லும். அந்த எண் இறங்கினா, மருந்து உள்ள போயிருக்குன்னு அர்த்தம்."

அவ்வளவுதான் விஷயம். அந்த 'எண்' தான் எங்கள் கட்டடத்தின் தெய்வம். அதற்கு மேடம் போட்ட சட்டம் ஒன்று உண்டு: முதல் ரத்தம். ஒரு சொட்டு மருந்து கொடுப்பதற்கு முன்னால் எண்பது எலிக்கும் ரத்தம் எடுத்து எண்ணைக் குறித்துவிட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் மேடம் முதல் நாளே பாடம் எடுப்பார்.

"ஒவ்வொரு எலிக்கும் அதோட சொந்த எண் வேற. அறுநூறு இருந்த எலிக்கு நானூறு ஆச்சுன்னா போச்சு. பிறந்ததுலேருந்தே நானூறா இருந்த எலிக்கு நானூறு இருந்தா ஒண்ணுமே ஆகல. முதல் எண் தெரியாம ரெண்டாவது எண்ணை வச்சுக்கிட்டு நாக்கு வழிக்கவா?"

இந்த வாக்கியத்தை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இதோடு என் வேலையும் சேர்ந்தது. ஒவ்வொரு எலிக்கும் அடையாளத்துக்கு ஒரு எண், அதன் வாலில் மையால் எழுதியிருக்கும். அந்த எலி இருக்கிற கூண்டில் அதே எண் அட்டை தொங்கும். நான் கூண்டைக் கழுவியதும் என் நோட்டில் கூண்டு எண்ணை எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட வேண்டும். எண் இல்லாத எலியும் கிடையாது, கூண்டு இல்லாத எலியும் கிடையாது. ஆடிட்காரர்கள் வந்தால் முதலில் என் நோட்டைத்தான் கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

புது மெஷின் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எலி ரத்தம் பத்து ஓட்டிப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக ஐந்நூறு, அறுநூறு என்று காட்டியது. மேடத்துக்குத் திருப்தி இல்லை. பெரிய எண்ணையும் ஒழுங்காகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். மனுஷ ரத்தத்தில் எண் எலியை விடப் பத்து மடங்குக்கு மேல் இருக்குமாம். "யாராவது ஒரு சொட்டு கொடுங்களேன்" என்றார். எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் கம்பி நீட்டப் பார்த்தோம்.

அந்த நேரம் பார்த்து அண்ணி உள்ளே வந்தாள். வலிக்காது அண்ணனின் மனைவி. அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஃபில்லிங் ஹாலில், அதாவது மருந்தைப் பாட்டிலில் அடைக்கிற இடத்தில், அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கள்கிழமை சேர வேண்டும். அண்ணி எதற்கும் பயப்படாத ஆள், சிரித்தால் நாலு அறைக்குக் கேட்கும்.

"நான் தர்றேன் மேடம், என்கிட்ட நிறைய இருக்கு" என்று கையை நீட்டிவிட்டாள்.

அண்ணன் அவள் கையைப் பிடித்தார். பழக்க தோஷம், "வலிக்காது, வலிக்காது" என்று ஆரம்பித்தார்.

"எலிகிட்ட பேசுற மாதிரியே என்கிட்டயும் பேசுறாரு பாருங்க. இத்தனை வருஷத்துல என்கிட்ட இவ்வளவு அன்பா பேசினதே இல்ல!" என்றாள் அண்ணி. மேடம்கூட விழுந்து விழுந்து சிரித்தார்.

மெஷின் எட்டாயிரத்து நூற்று நாற்பது என்று காட்டியது. "சூப்பர், கல்லு மாதிரி உடம்பு உனக்கு" என்றார் மேடம்.

அப்புறம்தான் சிக்கல். மெஷின் எத்தனை ரத்தம் ஓட்டியதோ அத்தனை வரி பதிவேட்டில் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம். ஆனால் மனுஷ ரத்தத்தை அந்த அறைக்குள் கொண்டுவரவே கூடாது என்பது விதி. பதிவேட்டில் இருப்பதும் 'எலி எண்' என்ற ஒரே பத்திதான். அண்ணன் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தார்.

"பூஜ்யம்னு போடுங்க" என்றார் மேடம்.

"அப்படி ஒரு எலி இல்லையே மேடம்."

"அதனாலதான் சொல்றேன், போடுங்க."

எலி எண் பூஜ்யம், 8140. அண்ணன் கையெழுத்துப் போட்டார், பக்கத்தில் மேடம் சுருக்கொப்பம் போட்டார். அந்த மனுஷன் வாழ்நாளில் எழுதிய ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். அண்ணி அதற்கப்புறம் என்னைப் பார்த்தால், "என் கூண்டைக் கழுவிட்டியாடி?" என்று கேட்பாள். "போங்க அண்ணி, உங்க வாலைக் காட்டுங்க, எண் இருக்கான்னு பார்க்கலாம்" என்பேன் நான்.

திங்கள்கிழமை அண்ணி ஹாலில் சேர்ந்தாள். கம்பெனி டிஸ்பென்சரி டாக்டர் அவள் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, படிவத்தில் 'நலம்' என்று ரப்பர் ஸ்டாம்ப் அடித்தார். அண்ணன் அன்றைக்கே மேடத்திடம் கேட்டார். "ஹால்ல சேர்றவங்களுக்கு முதல் ரத்தம் எடுக்க மாட்டாங்களா மேடம்? சட்டம் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்காங்களே." உண்மைதான், ஹால் வாசலிலேயே மாட்டியிருக்கும்: யாருடைய எண் அவரவர் முதல் எண்ணிலிருந்து நூற்றுக்கு நாற்பது குறைகிறதோ, அவரை உடனே ஹாலிலிருந்து எடுத்து வேறு வேலை கொடுக்க வேண்டும், வீடு முதலான சலுகை எதையும் பறிக்கக் கூடாது. மேடம் தலையைக்கூடத் தூக்கவில்லை. "அது டிஸ்பென்சரி வேலை. நம்ம வேலை எலி." எண்பது எலிக்கு முதல் ரத்தம். நூற்றிருபது மனுஷருக்கு ரப்பர் ஸ்டாம்ப். தூ!

அண்ணி ஹாலில் சேர்ந்ததால் அவர்களுக்கு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. லேப் ஆட்களான எங்களுக்கு அது கிடையாது, நாங்கள் அப்போது ஒப்பந்தத்தில் இருந்தோம். அண்ணனின் அப்பா படுத்த படுக்கை. அவரை மாடிப்படி ஏற்றி இறக்காமல் தரைத்தளத்தில் வைத்துக்கொள்ள ஒரு வீடு கிடைத்ததே என்று அவர்களுக்கு நிம்மதி. வீடு அண்ணியின் பேரில் இருந்தது. தானாக வேலையை விட்டால் ஒரே வாரத்தில் காலி செய்ய வேண்டும்.

மூன்று வருஷம் போயிற்று. அண்ணியின் துணியில் எப்போதும் அழுகிய பூண்டு மாதிரி ஒரு வாடை. முதலில் தலைவலி என்றாள். அப்புறம் வயிற்றைப் பிடித்து முறுக்குகிறது என்றாள். சிரிப்பு குறைந்தது. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், நான் கழுவும் தொட்டியில் கை விட்டுக்கொண்டு நிற்கிறேன். அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார். கையில் எலிகளுக்கான தினசரித் தாள். அதில் கண்ணீர், மூக்கொழுகல், எச்சில், நடுக்கம், கண்மணி, நடை என்று கட்டங்கள் இருக்கும், எந்த எலிக்கு எது இருக்கிறதோ அதில் டிக் அடிக்க வேண்டும்.

"உங்க அண்ணிக்கு நாலு டிக் விழுந்துடுச்சும்மா" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"கண்ணுல தண்ணி நிக்க மாட்டேங்குது. மூக்கு ஒழுகுது. காலைல சட்டை பட்டன் போட முடியல, விரல் ஆடுது. கண்ணு நடுவுல இருக்கே கருப்பு, அது ஊசி முனை மாதிரி சுருங்கிக் கிடக்கு. நிறைய மருந்து குடுக்கற எலிக் கூட்டத்துல நான் தினம் பார்க்கறதுதானே. எனக்குத் தெரியாதா?"

டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். போயிருந்தார். வெயில், அசதி, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்றாராம் டாக்டர். அண்ணன் அதோடு விடவில்லை. லீவு போட்டு அண்ணியை வெளியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் எண்ணைப் பார்த்தார். அங்கே இருந்ததும் எங்களிடம் இருக்கிற அதே கம்பெனி மெஷின்தான். நாலாயிரத்து எழுநூற்று ஐம்பது.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு திரும்பவும் டிஸ்பென்சரிக்குப் போனார். டாக்டர் சீட்டின் ஓரத்தில் அச்சடித்திருந்ததைக் காட்டினார். மனுஷருக்கு நாலாயிரத்து அறுநூறிலிருந்து பதினோராயிரத்து ஐந்நூறுவரை இருக்கலாம். "உள்ளதானே இருக்கு? நார்மல்தான். சில பேருக்குப் பிறவியிலேயே கம்மியா இருக்கும்."

"இவளுக்குப் பிறவியில கம்மி இல்ல சார். இவளோட முதல் எண் எட்டாயிரத்து நூத்தி நாப்பது. நாப்பது சதவீதத்துக்கு மேல இறங்கியிருக்கு."

"அப்படியா? எங்க எழுதியிருக்கு?"

எங்கே எழுதியிருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

அண்ணன் மனு எழுதினார். விசாரணை சனிக்கிழமை பதினோரு மணிக்கு என்று முடிவாயிற்று. மேனேஜர், டாக்டர், மேடம் மூன்று பேரும் அது அண்ணியின் முதல் எண்தான் என்று ஒப்புக்கொண்டால், அண்ணி ஹாலிலிருந்து வெளியே வந்து லேபிள் ஒட்டுகிற அறைக்குப் போகலாம், வீடும் தங்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால் திங்கள்கிழமை காலையில் அவள் திரும்ப அதே பாட்டில் வரிசைக்கு முன்னால் நிற்க வேண்டும். அண்ணன் கவலைப்படவே இல்லை. "மேடம் அங்கேயே நின்னு பார்த்தவங்க. கையெழுத்தே இருக்கு. எனக்கு வேணா மெமோ கொடுக்கட்டும், பொய் எழுதினேன்னு. அவ வெளிய வந்தா போதும்" என்றார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேடம் கழுவுகிற அறைக்கு வந்தார். அந்த ஈர அறைக்குள் அவர் காலை வைத்து நான் பார்த்ததே இல்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை வருஷம் ஆச்சு நீ சேர்ந்து?"

"பதினொண்ணு மேடம்."

"உன்னை நிரந்தரம் பண்ற ஆர்டர் டைப் ஆகி என் மேஜைல இருக்கு. கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்." புடவை நுனி நனைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். "அடுத்த மாசம் ஆடிட். எலி மெஷின்ல மனுஷ ரத்தம் ஓட்டினோம்னு தெரிஞ்சா மூணு வருஷ வேலையும் குப்பை. லேப்பை மூடிடுவாங்க. மூடின லேப்ல யாரை நிரந்தரம் பண்றது, சொல்லு?"

நான் கையில் இருந்த கூண்டைத் தண்ணீருக்குள் அமுக்கினேன்.

"உன்னைக் கூப்பிட்டா தெரிஞ்சதை மட்டும் சொல்லு. அதுக்கு மேல இழுத்துக்காதே." போய்விட்டார். பொய் சொல் என்று அவர் சொல்லவே இல்லை, கவனியுங்கள். படித்தவர்கள் படித்தவர்கள்தான்.

பதினோரு மணிக்கு மேனேஜர் அறை. நீள மேஜை, ஒரு பக்கம் மேனேஜரும் டாக்டரும் மேடமும். எதிரே அண்ணன், மடியில் பதிவேடு. பக்கத்தில் அண்ணி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அழுகை இல்லை அது, எண் இறங்கியதால் வருகிற தண்ணீர். நான் கதவோரம் நின்றேன்.

அண்ணன் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். நடந்ததைச் சொன்னார். "எலின்னு எழுதினது என் தப்புதான் சார். ஆனா அது இவ ரத்தம். மேடம் சொல்வாங்க."

மேனேஜர் மேடத்தைப் பார்த்தார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெஷினைச் சோதிக்கறதுக்காகத் தனியா ஒரு எலி வச்சிருந்தோம். அதுதான் பூஜ்யம்" என்றார்.

டாக்டர்கூட நெற்றியைச் சுருக்கினார். "எலிக்கு எட்டாயிரம் வருமா மேடம்?"

"வராது. புது மெஷின், முதல் நாள். தப்பாக் காட்டியிருக்கு. மறுநாள் சரி பண்ணிட்டோம்."

"மேடம்," என்றார் அண்ணன். குரல் ஒரு மாதிரி கீச்சென்று வந்தது. "நீங்கதானே மேடம் பூஜ்யம்னு போடச் சொன்னீங்க? சிரிச்சோமே எல்லாரும்?"

மேடம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். 'அட, இவள் இருக்கிறாளே' என்று நினைத்திருப்பார்.

"சார், எலின்னா கூண்டு இருக்கணும். கூண்டுன்னா இந்தப் பொண்ணு கழுவியிருக்கணும். இது நோட்டுல எழுதாத கூண்டே கிடையாது. பூஜ்யம்னு ஒரு கூண்டு இருந்துச்சான்னு இதைக் கேளுங்க."

மேனேஜர் என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். "இருந்துச்சாம்மா?"

எதிரே அண்ணி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், என் கூண்டைக் கழுவிட்டியாடி என்று கேட்கிற அதே சிரிப்பு. மேடம் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குள் பதினோரு வருஷம் ஓடியது. சோப்புத் தண்ணீரில் வெடித்த கை, ஒவ்வொரு மார்ச்சிலும் அடுத்த வருஷம் இருப்போமா என்று நடுங்கியது, எல்லாம்.

"எத்தனையோ கூண்டு கழுவறேங்க," என்றேன். "கழுவியிருப்பேன்."

"நோட்டுல இருக்குமா?"

"பழைய நோட்டெல்லாம் ஈரத்துல வீணாப் போயிடுச்சுங்க."

நோட்டு என் அலமாரியில் இருந்தது. சோப்புப் பெட்டிக்கு அடியில், பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு துளி ஈரம் படாமல். அந்தத் தேதிப் பக்கத்தில் ஒன்றிலிருந்து எண்பதுவரை கூண்டுகள், பூஜ்யம் என்று ஒரு கூண்டு இல்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அடிக்க யாரும் வரவில்லை, அதுதான் கொடுமை.

டாக்டர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "முதல் எண் இல்லாம இந்த ரெண்டாவது எண்ணை வச்சு நாம என்னங்க முடிவு பண்ண முடியும்?" என்றார். மேடத்தின் பாடம், வார்த்தை மட்டும் கொஞ்சம் மரியாதையாக.

அண்ணன் பதிவேட்டை மூடி மேஜைமேல் வைத்தார். என்னைத் திட்டவில்லை, பார்க்கவும் இல்லை. அண்ணியின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். புதன்கிழமை என் ஆர்டர் வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டு போனேன், என் வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அண்ணி திங்கள்கிழமையே ஹாலுக்குப் போய்விட்டாள். அண்ணன் வீட்டை விட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறார், அவள்தான் "மாமாவை எங்க தூக்கிக்கிட்டு அலையறது" என்று கேட்கவில்லையாம். ஏழு வாரம் தாக்குப் பிடித்தாள். எட்டாவது வாரம் ஒரு மதியம் பம்பின் குழாய் பிடுங்கிக்கொண்டு மருந்து பீய்ச்சியடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாருக்கும் தலை சுற்றியது. அண்ணி மட்டும் வாயில் நுரை தள்ளக் கீழே விழுந்தாள். உடம்பில் தள்ளுகிற ஆட்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே கை கட்டியிருந்ததே, மிச்சம் இருந்தவர்கள் எத்தனை நேரம் தாங்குவார்கள்? சுவர்க் கதவு வழியாக அண்ணன் ஓடியதை நான் பார்த்தேன். கையுறையைக் கழற்றாமல், ஒரு கையில் எலிக் குழாயோடு ஓடினார்.

உயிர் பிழைத்தாள். மூன்று வாரம் கழித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோது, கால் மரத்துப்போக ஆரம்பித்தது. இந்த மாதிரி மருந்துகளில் சிலது அப்படித்தான் செய்யுமாம், தாமதமாக வந்து காலைப் பிடிக்குமாம். அண்ணன் எலிகளில் பார்த்திருக்கிறார். இப்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். ஹாலில் வேலை செய்ய முடியாதவளுக்கு குவார்ட்டர்ஸ் எதற்கு என்று காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அப்பாவையும் மனைவியையும் தூக்கிக்கொண்டு எங்கோ மூன்றாவது மாடிக்குப் போனார். வேலைக்கு இரண்டு பஸ் மாறி வருகிறார். ஆம், வேலையை விடவில்லை. விட்டுவிட்டு எங்கே போவார்?

என்னோடு பேசுவார். 'தண்ணி வச்சியாம்மா', 'கூண்டு காய்ஞ்சுடுச்சா' என்று எல்லாம் கேட்பார். ஆனால் எலிகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஊசி போடும்போது அறை அமைதியாக இருக்கும். புதிதாக வந்த ஆட்களுக்கு அவரை ஏன் அப்படிக் கூப்பிடுகிறோம் என்றே தெரியாது. ஆடிட் வந்தது, போனது. பதிவேட்டில் எல்லா வரியும் சரியாக இருந்தது என்று மேடத்துக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள்.

குழாய் பிடுங்கிக்கொண்டதில் வெளியே பேர் கெட்டுவிட்டதால், கம்பெனிக்கு மூன்று வருஷம் கழித்து இப்போது திடீரென்று ஞானம் பிறந்திருக்கிறது. ஹாலில் இருக்கிறவர்கள், லேபில் இருக்கிறவர்கள், கூண்டு கழுவுகிறவர்கள்வரை எல்லாருக்கும் முதல் ரத்தம் எடுக்க வேண்டுமாம். எடுப்பதற்கு நல்ல கை யாருடையது என்று கேட்டால் எல்லாரும் ஒரே பேரைத்தான் சொன்னார்கள். போன செவ்வாய்க்கிழமை டிஸ்பென்சரியில் மேஜை போட்டு அண்ணனை உட்கார வைத்தார்கள்.

என் முறை வந்தது. அந்தப் பழைய நோட்டைப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். எடுத்துப் போய் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கையை நீட்டினேன். அவர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டி, ஊசியை வைத்தார். அவர் வாயையே பார்த்தேன். ஒரு தடவை சொல்ல மாட்டாரா என்று இருந்தது. சொல்லவில்லை. குப்பி நிறைந்தது.

"அண்ணே," என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். "பூஜ்யம்னு ஒரு கூண்டை நான் கழுவுனதே இல்ல. நோட்டு வீணாப் போகல, என்கிட்டதான் இருக்கு."

அவர் குப்பியின் மேல் என் பேரை எழுதிக்கொண்டிருந்தார். முழுப் பேர், இனிஷியலோடு. அதற்குக் கீழே தேதியைப் போட்டு, 'முதல் ரத்தம்' என்று எழுதி, ஐஸ் பெட்டியில் நேராக நிற்க வைத்தார்.

"தெரியும்மா," என்றார். "அன்னிக்கே தெரியும். பஞ்சை அமுக்கிப் பிடி."

அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் எழுந்து இடம் விட்டேன். ஊசி போன இடத்தில் ஒரு வலியும் இல்லை, அவர் கை அப்படி.